நேரடியா, டுபாய் வழியா?

மட்டக்களப்பு கல்லடியில் மாமி தன் லண்டன் பயணத்துக்குக் கலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். "பகல் 1 மணிக்கு ஏறினால் இரவு 7 மணிக்கு லண்டன். ஆறு மணித்தியாலம்தானே!" மாமி மறந்தது இலங்கைக்கும் லண்டனுக்கும் இடையிலான ஐந்தரை மணித்தியால நேர வித்தியாசத்தை. அதையும் கூட்டினால் பதினொன்றரை. கோடைகாலத்தில் லண்டன்காரர் கடிகாரத்தை முன்தள்ளுவதால் வித்தியாசம் நாலரையாகிவிடும்.

தூரம் பார்க்கத் தட்டை வரைபடத்தில் அடிமட்டம் வைக்கக் கூடாது. உலக உருண்டையில் நூல் பிடிக்க வேண்டும். கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேராகச் சுமார் 8,700 கிலோமீற்றர். டுபாய் வழியாகப் போனால் டுபாய்வரை 3,290 உம் அங்கிருந்து 5,500 உம். கூட்டிப் பாருங்கள், நூறு கிலோமீற்றர்கூட அதிகமில்லை! நேரடி விமானமும் மூடிய வான்பரப்புகளைச் சுற்றிப் போனால் அந்த வித்தியாசமும் கரைந்துவிடும்.

அப்புறம் எங்கே நேரம் போகிறது? தரையில்தான். இரண்டு தடவை ஏறி இறங்குவது, டுபாயில் மூன்று மணித்தியாலக் காத்திருப்பு என்று பயணம் பதினைந்தைத் தொடும். ரிக்கற் மலிவாகக் கிடைத்தால் இளம் பிள்ளைகளுக்கு அது பரவாயில்லை.

மாமிக்கு முழங்கால் வலி. மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்கவுக்கே வேனில் ஏழெட்டு மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டும். எந்த விமானக் கணக்கிலும் அது வராது. அவருக்கு நேரடி விமானம்தான் என்றேன். "சரி, அப்ப கருவாட்டுப் பெட்டி எத்தனை கிலோ கொண்டுபோகலாம்?" என்று அடுத்த கணக்கைத் தொடங்கிவிட்டார்.