காரில் ஏழு வீடு, ரயிலில் மூன்று வீடு

தென்காசி அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கடையத்தில் இன்னொரு வீடு பாக்கி இருந்தது, இருட்டுவதற்குள் திருநெல்வேலி போய்ச் சேர வேண்டும். என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை அடுப்பில் வைத்த பால் அப்போதுதான் பொங்கி வந்தது. "காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறாயே. நான் உன் முகத்தைப் பார்க்கவா, காபியை ஆற்றவா?" என்று கேட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காரில் ஏறிய பிறகும் அது என்னை விடவில்லை.

அது 2022 டிசம்பர். நான்கு நாட்களில் ஏழு வீடுகள். அடுத்த பயணம் 2024 பொங்கலுக்குப் பஸ்ஸில். அதற்கடுத்தது அதே ஆண்டு டிசம்பரில் ரயிலில். சொந்தபந்தங்களைப் பார்க்கத் தாம்பரத்திலிருந்து மூன்று விதமாகக் கிளம்பிப் பார்த்துவிட்டோம். குளிர்காலத்தில் இதே போல ஒரு சுற்றுப் போக நினைப்பவர்களுக்கு எது தோதுப்படும் என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நாள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இரண்டே வாய்ப்புகள்தான்: டிசம்பர் 24 வாக்கில் தொடங்கும் அரையாண்டு விடுமுறை, இல்லையென்றால் ஜனவரி நடுவில் வரும் பொங்கல்.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை. தை பிறந்துவிட்டால் கல்யாணம், புதுமனைப் புகுவிழா என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். மார்கழியில் போனால் ஆள் வீட்டில் இருக்கும். திருவையாற்றுப் பக்கம் என் சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் சம்பா. டிசம்பர் கடைசியில் பயிர் பச்சையாக நிற்கும். வரப்பில் போய்த் தண்ணீர் நிற்கிறதா, வடிகிறதா என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் வேலை. பேசுவதற்கு அவருக்கு நேரம் இருக்கும். பொங்கலை ஒட்டிப் போனால் அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவைத்துவிட்டு அது வருகிற வழியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டிசம்பரில் மழைப் பயம் உண்டு, அதை மறைக்க முடியாது. 2023 டிசம்பர் 24-ஆம் தேதி தென்காசிக்குக் கிளம்புவதாக இருந்தோம். 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையில் எல்லாம் தலைகீழானது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றது. வெள்ளம் வடிந்து ஊர் சேற்றை வாரிக்கொண்டிருக்கும்போது விருந்தாளியாகப் போய் நிற்க மனம் வரவில்லை. பயணத்தைப் பொங்கலுக்குத் தள்ளினோம். அடுத்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் விழுப்புரம் அருகே ரயில் பாதையும் தடைப்பட்டது, அரசூரில் நெடுஞ்சாலையிலும் வெள்ளம் புரண்டது. எனவே டிசம்பரில் போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வானிலை அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். ரத்து செய்யவும் மனத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை. அதோடு, எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழ் கிடைப்பார்கள். 2024 பொங்கலுக்கு அத்தை வீட்டில் இருபத்திரண்டு பேர். பெங்களூரில் இருக்கும் தம்பி, ஓசூர் மாமா மகள், நான் பத்தாண்டுகளாகப் பார்க்காத ஒன்றுவிட்ட அண்ணன். ஏழு வீடு ஏறி இறங்க வேண்டியதில்லை. வாசலில் ஓலையை எரித்துப் பொங்கல் பானை ஏற்றினார்கள். சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோல் நீக்குவதை என் மகள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பனங்கிழங்கு, மஞ்சள் குலை, கரும்பு, புதிதாகக் கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பொங்கல் படி. இவற்றை டிசம்பர் தராது. காணும் பொங்கல் என்ற பெயரே உறவைப் போய்க் காண்பதற்காக ஏற்பட்டதுதான்.

ஆனால் அந்த மூன்று நாளும் அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. இருபத்திரண்டு பேருக்குக் காலையில் இட்லி, மதியம் இலைச் சாப்பாடு, மாலையில் காபி பலகாரம். நாங்கள் பெண்கள் நான்கு பேர் கூடமாட வேலை செய்தோம். அப்படியும் அவரோடு தனியாகப் பத்து நிமிடம் பேசியதாக எனக்கு நினைவில்லை. கூட்டத்தைப் பார்க்க ஆசை என்றால் பொங்கல். ஒருவரைப் பார்க்க ஆசை என்றால் மார்கழி. எனக்கு அத்தையைப் பார்க்க வேண்டியிருந்தது.

இனி வண்டி.

காரைப் பற்றி நான் குறைத்துப் பேச மாட்டேன். தாம்பரத்திலிருந்து தஞ்சாவூர், மதுரை, தென்காசி, திருநெல்வேலி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு நூறு லிட்டர் பெட்ரோல். நூறு ரூபாய் விலையில் வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம். அதற்கு மேல் பரனூரில் தொடங்கிச் சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி கட்டணம். செலவு இருந்தாலும், முழங்கால் வலிக்காரர் வீட்டில் இருந்தால் கார்தான் சரி. என் மாமியாரால் ரயில் நிலைய மேம்பாலப் படிகளில் ஏற முடியாது. நாளுக்கு இரண்டு முறை மட்டும் பஸ் வரும் கிராமத்தில் உங்கள் பெரியம்மா இருந்தாலும் கார்தான். குளிர்காலத்தில் இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்வேன். விடியற்காலையில் தர்மபுரி, சேலம் பக்கமும் டெல்டாவிலும் பனிமூட்டம் கண்ணை மறைக்கும். ஏழு மணிக்கு முன் வண்டியை எடுக்காதீர்கள். தைப்பூசம் நெருங்க நெருங்கப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலை ஓரத்தில் இரவெல்லாம் நடப்பார்கள். இருட்டில் அந்தப் பக்கம் வேகமாகப் போவது பாவம்.

காரில் எனக்குள்ள மனத்தாங்கல் வேறு. கார் வாசலில் நிற்கும்வரை நாம் கிளம்பப் போகிறவர்களாகவே இருக்கிறோம். வழியில்தானே இருக்கிறது, ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று பட்டியலில் வீடுகள் சேர்ந்துகொண்டே போகும். மூன்று வீடு என்று திட்டமிட்டது அப்படித்தான் ஏழானது. எல்லா வீட்டிலும் ஒரே காபி, ஒரே நலம் விசாரிப்பு, ஒரே வழியனுப்புதல். ராஜபாளையத்தில் என் பெரியப்பா ஏதோ சொல்லத் தொடங்கி, வண்டிச் சாவி குலுங்கிய சத்தத்தில் நிறுத்திக்கொண்டார். என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த ஆண்டு அவர் இல்லை.

பஸ்ஸுக்கு வருகிறேன். பொங்கல் நேரத்தில் தொலைதூரப் பஸ் பயணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கிளாம்பாக்கம் நிலையம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அரசு சிறப்புப் பஸ்கள் நிறைய விட்டிருந்தார்கள். ஆனாலும் படுக்கை வசதி வேண்டும் என்று ஒரு தனியார் பஸ்ஸில், வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்துப் பதிவு செய்தோம். பதிவு செய்த பஸ் வேறு, வந்து நின்ற பஸ் வேறு. திருநெல்வேலிக்குப் போய்ச் சேரப் பதினாறு மணி நேரம் ஆனது. செங்கல்பட்டைத் தாண்டுவதற்கே நள்ளிரவு கடந்துவிட்டது.

அதே பஸ், ஊருக்குள் வந்துவிட்டால் தங்கம். திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் இடையே பஸ்ஸுக்குக் காத்திருந்ததாக எனக்கு நினைவே இல்லை. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கும் அப்படித்தான். சாதாரண நகரப் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. சித்தி இதை வைத்துக்கொண்டே தஞ்சாவூருக்கு அடிக்கடி போய் வருகிறார். எனவே பெரிய தூரத்துக்கு வேறு வழி, சிறு தூரத்துக்குப் பஸ் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

அந்த வேறு வழி எனக்கு ரயில். 2024 டிசம்பர் 24 இரவு உழவன் விரைவு ரயிலில் தாம்பரத்தில் ஏறினோம். விடிவதற்குள் கும்பகோணம், அதன் பிறகு தஞ்சாவூர். சித்தப்பா நிலையத்துக்கே வந்திருந்தார். காரில் போனபோது அவர் வீட்டு வாசலில் நின்று வரவேற்றார். ரயிலில் போனபோது மப்ளரைக் கட்டிக்கொண்டு, இருட்டில் பஸ் பிடித்து, நடைமேடையில் வந்து நின்றார். பிள்ளைகள் அவரைக் கண்டதும் ஓடிய ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன்.

தெற்கே சொந்தக்காரர்கள் சிதறி இருப்பவர்கள் ஒரு ரயிலை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மயிலாடுதுறையிலிருந்து செங்கோட்டைக்குப் பகலில் ஓடும் விரைவு ரயில். கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல், மதுரை, விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி என்று நம் உறவுகளை நூல் பிடித்துக் கோத்ததுபோல் நின்று நின்று போகும். ஒரு நாள் தஞ்சாவூரில் ஏறி மதுரையில் இறங்கினோம். மறுநாள் மதுரையில் அதே ரயிலில் ஏறித் தென்காசியில் இறங்கினோம். மணப்பாறையில் முறுக்கு ஜன்னலுக்கே வந்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை முதல் நாளே மதுரைத் தோழி வாங்கி வைத்திருந்தாள்; அத்தைக்கு அதுதான் கொண்டுபோனோம். பதிவில்லாத பெட்டியில் உட்கார இடம் கிடைக்க முன்னதாகவே நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் அந்தப் பாதையில் அந்த மாதம் அதிகம்.

ரயிலின் குறை, அது நம்மைக் கேட்டு நகராது என்பதே. டிக்கெட் எடுக்கும் நாளிலேயே எந்த வீட்டில் எத்தனை இரவு என்று முடிவு செய்தாக வேண்டும். எனக்கு அதுவே நல்லதாகப்பட்டது. திருவையாற்றில் இரண்டு இரவு, மதுரையில் ஒன்று, தென்காசியில் மூன்று. அவ்வளவுதான், மூன்றே வீடு. மற்ற நான்கு வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். அடுத்த முறை அவர்கள் முறை. செலவிலும் ஒப்பீடே இல்லை: தஞ்சாவூருக்கும் தென்காசியிலிருந்து திரும்புவதற்கும் படுக்கை வசதி டிக்கெட், நடுவில் பகல் ரயில், நகரப் பஸ் எல்லாம் சேர்ந்தும் நால்வருக்குக் காரின் பெட்ரோல் செலவில் பாதியைக்கூடத் தொடவில்லை.

தங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்கள் வீடு இருக்கும் ஊரில் விடுதி அறை எடுப்பது அவர்களைக் காயப்படுத்தும். பாயை விரித்துக் கூடத்தில் படுத்துக்கொள்ளுங்கள். தோழி வீடு வேறு. அவள் காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவள், இரண்டே அறை கொண்ட வீடு. மதுரையில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் அறை எடுத்துவிட்டு, மாலை முழுவதும் அவளோடு இருந்தோம். அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

தென்காசியில் இரண்டாம் நாள் காலை, வாடகைக்கு ஒரு கார் பேசினோம். அத்தையின் தங்கை அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார். ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் அழைத்துப்போக ஆளில்லாமல் அக்காவும் தங்கையும் இரண்டு ஆண்டுகளாகச் சந்திக்கவில்லை. வழியெல்லாம் பிசான நெல் பச்சையாக நின்றது. அங்கே போனதும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தவர்கள், மாலைவரை எழுந்திருக்கவில்லை. நாங்கள்தான் சமைத்தோம். சொந்தக் காரில் ஏழு வீடு சுற்றியபோது, பின்னிருக்கையில் அத்தைக்கு இடம் இருந்ததை நாங்கள் யோசிக்கவே இல்லை.

இந்த ஆண்டும் மார்கழி, ரயில், உள்ளூரில் ஒரு நாள் வாடகைக் கார் என்று முடிவு செய்திருக்கிறேன். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. டிசம்பர் 24 பயணத்துக்கு அக்டோபர் 25 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். பொங்கலுக்குப் போகிறவர்கள், ஜனவரி 13 பயணம் என்றால் நவம்பர் 14-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலை சில நிமிடம் தாமதித்தாலும் காத்திருப்போர் பட்டியல்தான்.

அத்தைக்கு நேற்றே சொல்லிவிட்டேன். என்றைக்கு வருகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

"எத்தனை ராத்திரி?" என்றார்.

"நான்கு, அத்தை."

"அப்படியென்றால் அம்பாசமுத்திரத்துக்கும் சொல்லிவிடுகிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.