நல்ல ஆம்ப்ளிஃபயரும் நல்ல ஸ்பீக்கரும் சேராதபோது: ஏழு ஆண்டு அனுபவம்

வீட்டில் இசை கேட்பதற்கென்று கருவிகளைத் தனித்தனியே வாங்கி இணைக்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் வாங்கியவை, சேனலுக்கு 12 வாட் தரும், வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரும், 84 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஒரு ஜோடி சிறிய ஸ்பீக்கர்களும். இரண்டையும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு துணைக்கருவிகளோடு கேட்டு மனத்தைப் பறிகொடுத்துத்தான் வாங்கினேன். இரண்டும் இன்றுவரை பழுதின்றி உழைக்கின்றன. ஆனாலும் அவை ஒன்றாக இருந்த இரண்டு ஆண்டுகளில் எனக்கு நிறைவாகப் பாட்டுக் கேட்ட நினைவே இல்லை.

குறை சில நேரங்களில் மட்டுமே தெரியும் என்பதுதான் சிக்கல். தாழ்ந்த ஒலியில் தனி வீணையைக் கேட்டால் மீட்டிய தந்தியின் கார்வை கடைசித் துளிவரை காதில் நிற்கும். அதே தட்டில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம் சூடுபிடித்தவுடன் இடந்தலையில் எழும் கும்கி என்ற தாழ்ந்த, உருளும் ஒலி உருவிழந்து கொழகொழவென்று பரவும். வலந்தலையின் சாப்பு கூர்மை மழுங்கிக் காதை உறுத்தும். ஒலிப்பதிவின் குறை என்று பல மாதங்கள் எண்ணியிருந்தேன்.

ஒரு நாள் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் காரணம் விளங்கியது. உணர்திறன் 84 டெசிபெல் என்றால், 2.83 வோல்ட் கொடுக்கும்போது ஒரு மீட்டர் தொலைவில் ஸ்பீக்கர் எழுப்பும் ஒலியின் அளவு அது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக ஒரு வாட். வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. 10 டெசிபெல் கூட வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். அப்படியானால் என் 12 வாட் முழுவதும் செலவானாலும் ஒரு மீட்டரில் கிடைப்பது 95 டெசிபெல்லுக்குள்தான். இரண்டு ஸ்பீக்கர்கள் சேர்வதால் வரும் வரவையும், நான் அமரும் மூன்று மீட்டர் தொலைவால் வரும் இழப்பையும் கூட்டிக் கழித்தால் என் காதுக்கு எட்டுவது ஏறக்குறைய 90. சராசரியாக 80 டெசிபெல்லில் கேட்கும் கச்சேரியில் ஒரு மிருதங்க அடி அந்தச் சராசரியைவிட 20 டெசிபெல் மேலே தாவக்கூடும். 20 டெசிபெல் என்பது நூறு மடங்கு வாட். ஒவ்வொரு பலத்த அடியிலும் ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையில் முட்டி, அலையின் உச்சி வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. 12 வாட் ஆம்ப்ளிஃபயரை 25 வாட்டாக மாற்றியிருந்தால்கூட வெறும் 3 டெசிபெல்தான் கிடைத்திருக்கும் என்பது அப்போது எனக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

இம்பீடன்ஸ், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, இதைவிட நுட்பமான கதை. ஸ்பீக்கரின் பின்புறம் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும் அது ஒரு பொது அடையாளம் மட்டுமே. உண்மையான மதிப்பு சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். என்னுடையது 200 ஹெர்ட்ஸ் அருகே 4 ஓமுக்கு இறங்கி, தாழ்ந்த ஒலிக்கான வூஃபரிலிருந்து உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்குக் கைமாறும் பகுதியில் 20 ஓமுக்கு ஏறுகிறது. வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்ளிஃபயரின் உள்தடை, மிகக் குறைவாக உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு இது ஒரு பொருட்டல்ல. என் வால்வு ஆம்ப்ளிஃபயரில் அது 2 ஓம். ஆகவே 4 ஓம் இருக்கும் இடத்தில் வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்கு ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 20 ஓம் இருக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூடத் தங்குவதில்லை. இரண்டுக்கும் இடையே 2.7 டெசிபெல் வேறுபாடு. ஆண்குரலின் அடித்தளம் மெலிந்து, அதன் மேற்பகுதி முன்னே துருத்திக்கொண்டு நின்றது இதனால்தான். ஸ்பீக்கர் வயரை ஆம்ப்ளிஃபயரின் பின்புறமுள்ள 8 ஓம் முனையிலிருந்து 4 ஓம் முனைக்கு மாற்றிச் செருகியபோது குரலின் நிறம் ஓரளவு சமனானது. ஐந்து நிமிட வேலை. வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் எவரும் முதலில் செய்து பார்க்கவேண்டியது இது. வாட் பற்றாக்குறை மட்டும் அப்படியே இருந்தது.

பிறகு நண்பர் ஒருவர் சேனலுக்கு 80 வாட் தரும் தம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். முதல் மாலையிலேயே கும்கி உருண்டு திரண்டு, தோலின் அதிர்வு தெரியும்படி வந்தது. அதே வகையை நானும் வாங்கிக்கொண்டேன். வால்வு ஆம்ப்ளிஃபயர் அவர் வீட்டுக்குப் போயிற்று. அவரிடம் இருப்பவை 96 டெசிபெல் உணர்திறன் கொண்ட ஹார்ன் ஸ்பீக்கர்கள். என் ஸ்பீக்கர் ஏறக்குறைய 190 வாட் கேட்கும் ஒலியை அவை 12 வாட்டில் தந்துவிடுகின்றன. என் வீட்டில் இரண்டு ஆண்டுகள் திணறிய அந்தப் பெட்டி அங்கே மூச்சு வாங்காமல் பாடுவதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை.

இதே தவற்றை இசைத்தட்டுச் சுழலியிலும் ஒருமுறை செய்தேன். தட்டில் ஓடும் ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சாரமாக்கும், 5 மில்லிவோல்ட் தரும் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு, 0.4 மில்லிவோல்ட் தரும் மூவிங் காயில் வகையைப் பொருத்தினேன். கார்ட்ரிட்ஜின் சிறு மின்சாரத்தைச் சுமார் நூறு மடங்கு பெருக்கும் என் ஃபோனோ பெட்டிக்கு அது போதவில்லை. வால்யூமைத் திருகத் திருக இரைச்சலும் ஹம்மும்தான் ஏறின. ஆயிரம் மடங்கு பெருக்கும் பெட்டி வந்த பிறகே அந்த ஊசியின் அருமை தெரிந்தது. வயரைப் பற்றி எழுத அதிகமில்லை: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மூன்று மீட்டர் நீளத்துக்குப் போகவும் வரவும் சேர்த்து 0.04 ஓம் அளவே தடை தரும்; 4 ஓம் ஸ்பீக்கருக்கும் அது தாராளம்.

அறையையும் ஒரு கருவியாகவே கணக்கில் கொள்ளவேண்டும். என் அறையின் நீளம் 4 மீட்டர். நொடிக்கு 343 மீட்டர் செல்லும் ஒலிக்கு இந்த நீளத்தில் முதல் ஒத்ததிர்வு 43 ஹெர்ட்ஸில் அமைகிறது. அதன் அழுத்தம் எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி உச்சமாக இருக்கும். என் நாற்காலியோ நான்கு ஆண்டுகளாகப் பின்சுவரை ஒட்டியே கிடந்தது. தரையில் சாக்பீஸால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, ஒரே பேஸ் கிதார் துணுக்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, நாற்காலியைக் கோடு கோடாக முன்னே இழுத்தேன். ஏழாவது கோட்டில் வீக்கம் வடிந்து சுரங்கள் தனித்தனியே பிரிந்து கேட்டன. ஸ்பீக்கர்களையும் முன்சுவரிலிருந்து அரை மீட்டர் நகர்த்திய பிறகு தம்புராவின் நாதம் பெட்டிகளை விட்டு விலகி நடுவெளியில் நின்றது.

இந்தச் சேர்க்கை இப்போது ஐந்தாம் ஆண்டில் இருக்கிறது. வால்யூம் குமிழ் சென்ற ஆண்டு கரகரக்கத் தொடங்கியது. தொடர்புகளுக்கான திரவத்தை விட்டுத் துடைத்ததும் சரியாயிற்று. ஸ்பீக்கர் முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து இறுக்குகிறேன். வூஃபரின் விளிம்பு ரப்பரானதால் இன்னும் விரிசல் காணவில்லை. அந்தச் சிறிய பெட்டிகளால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது என்பது மட்டும் தீராத குறை. அதற்கு, அடி ஒலிக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரை 80 ஹெர்ட்ஸில் பிரித்து இணைக்கும் எண்ணம் உண்டு. அதை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க, ஏழாவது கோட்டை மட்டும் தரையில் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.