ஆர்சனல்: இருபது வருடத்துக்கு மேலான பாவனை அனுபவம்

புது ஃபோன் வாங்கிய மறு கிழமையே விமர்சனம் எழுதிவிடுகிறார்கள். நான் எழுதப்போவது 2002இலிருந்து விடாமல் பாவித்துவரும் ஒன்றைப் பற்றி. திருப்பிக் கொடுக்க முடியாது, மாற்றித் தரச் சொல்ல முடியாது, உத்தரவாதமும் கிடையாது. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டு ஆர்சனல் என்ற வட லண்டன் புட்போல் கழகத்துக்கு ரசிகனாக இருப்பது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்காக இது.

எனக்கு இது ஒட்டிக்கொண்டது 2002 மார்ச் 2இல் ஆர்சனலின் பேர்காம்ப் நியூகாசிலுக்கு எதிராக அடித்த கோலால். பிரேஸ் தட்டிய பந்து வருகிறது, பேர்காம்ப் கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், காலால் ஒரு சின்னத் தட்டு. பந்து தடுப்பாளரின் ஒரு பக்கம் போகிறது, இவர் மறுபக்கம் சுற்றி வந்து அதே பந்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார். டவுன் கடை டீவியில் அதைப் பார்த்துவிட்டு எங்கள் பெரட்டுக்களத்தில் (காலையில் தோட்டத்து ஆட்களுக்குப் பேர் பதியும் திடல்) செய்து பார்க்காத பொடியன் கிடையாது. பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போகும். எடுத்து வருவதற்குள் கால் முழுக்க அட்டை. அந்த மனிதருக்கு விமானம் என்றால் பயம், வெளிநாட்டு மெச்சுகளில் பாதிக்கு வரவே மாட்டார் என்று பிறகு தெரிந்தபோது, எங்கள் மாமாவுக்கு அவர் மேல் மரியாதை இரட்டிப்பானது. "நம்ம உடரட்ட மெனிக்கே ரயில்ல ஏத்திவிட்டா நிம்மதியா வருவாருடா" என்பார்.

முதலில் நடைமுறை விஷயம். இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணிக்குத் தொடங்கும் மெச் நமக்கு இரவு 7.30, அங்கே குளிர்காலம் வந்தால் 8.30. இந்த 3 மணி மெச்சை இங்கிலாந்து டீவியில் நேரடியாகக் காட்டுவதே இல்லை, ஆட்கள் மைதானத்துக்குப் போகவேண்டும் என்பதற்காக. லண்டன்காரன் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாததை நாங்கள் லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து பார்க்கிறோம். சாம்பியன்ஸ் லீக் நள்ளிரவுக்கு மேல்தான். காலையில் பெரட்டுக்குப் போகவேண்டிய வீட்டில் அதைப் பார்ப்பதென்றால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். சீசன் ஓகஸ்டில் தொடங்கும், நமக்கோ அது மழைக்காலம். மழை கனத்தால் டிஷ் சிக்னல் போய்விடும், திரும்பி வரும்போது 1-0 ஆகியிருக்கும். 2022இல் மணிக்கணக்கில் கரண்ட் இல்லாத நாட்களில் ஸ்கோரை மட்டும் ஃபோனில் பார்த்து, அந்த பெற்றரியும் செத்த பிறகு படுத்துக்கொண்டோம்.

ஜேர்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய, நெஞ்சில் ஓடூ (O2) என்று விளம்பரம் போட்ட சிவப்பு ஜேர்சி, முதுகில் ஹென்றி 14. துணி நல்ல துணி, இன்னும் கிழியவில்லை. எண்தான் நிற்கவில்லை. முதலில் 1 உரிந்து விழுந்தது. மிச்சம் ஹென்றி 4. நான்கு வியெய்ராவின் எண், அவருக்குப் பிறகு ஃபாப்ரிகாஸுக்குப் போனது. ஆக, காசு கொடுக்காமலே மூன்று பேருடைய ஜேர்சி. அசல் 14 பிறகு வால்கொட், ஓபமயாங், நிக்கெட்டியா என்று கை மாறி இப்போது யோக்கரெஸிடம் இருக்கிறது.

பாவனை நடக்கும் இடம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து சலூன். கடைக்கார அண்ணன் லிவர்பூல். ஓய்வுபெற்ற சேர் ஒருவர் மன்செஸ்டர் யுனைட்டட். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்த எங்கள் மாமாவும் நானும் ஆர்சனல். பொடியன்கள் எல்லாரும் செல்சி, சிட்டி. ஒரே ஒரு தம்பி டொட்டன்ஹாம், ஏன் என்று அவனுக்கே தெரியாது. அங்கே நேற்றைய மெச்சைப் பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பழைய ஆட்டக்காரர்கள் அரை மணி நேரம் தாங்குவார்கள். கழகம் வாங்காமல் விட்ட ஆட்டக்காரர்களின் பேச்சு வந்தால்தான் கத்தரிக்கோல் நிற்கும். இத்தனை வருடத்தில் தேயாமல் உழைத்த பாகம் அதுதான். வாங்கிய ஆட்டக்காரனுக்குக் காயம் வரும், வயது வரும், வேறு கழகத்துக்கு ஓடுவான். வாங்காதவன் எப்போதும் பதினெட்டு வயதில், உச்ச ஃபோர்மில், எங்கள் ஜேர்சியிலேயே இருப்பான்.

வாங்கியவர்கள் ஓடியதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடியும். ஹென்றி 2007இல் பார்சிலோனா. 2011இல் ஃபாப்ரிகாஸ் பார்சிலோனா, நஸ்ரி மன்செஸ்டர் சிட்டி. 2012இல் வான் பேர்சி. முந்தின சீசனில் லீக்கில் 30 கோல் அடித்த கேப்டனை 24 மில்லியன் பவுணுக்கு யுனைட்டடுக்கே விற்றார்கள். அடுத்த ஏப்ரலில் யுனைட்டட் சாம்பியனாகி எங்கள் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று அவருக்குக் கைதட்டி வழிவிட்டார்கள். சேர் அந்தக் காட்சியை ஃபோனில் சேமித்து வைத்திருக்கிறார். தேவைப்படும்போது எடுத்துக் காட்டுவார்.

இனி வராதவர்கள். இப்ராஹிமோவிச்சுக்கு 2000இல் பெயர் போட்ட 9ஆம் எண் ஜேர்சியே கொடுத்தார்கள். அப்போதைய எங்கள் பயிற்சியாளர் வெங்கர் ஒரு முறை வந்து பயிற்சியில் ஆடிக்காட்டு என்றார், அவர் மாட்டேன் என்று போய்விட்டார். யாயா டூரே 2003இல் வந்து அண்ணன் கோலோவோடு சேர்ந்து பார்னெட்டுக்கு எதிராக ஆடிக்கூடப் பார்த்தார், அன்றைக்கு எடுபடவில்லை. அதே வருடம் ரொனால்டோ. ஆளோடு பேசி முடித்தாயிற்று, ஸ்போர்ட்டிங்கோடு விலை படியவில்லை. ஓகஸ்டில் லிஸ்பனில் ஒரு சிநேகபூர்வ மெச்சில் அந்தப் பொடியன் யுனைட்டடைப் பாடாய்ப் படுத்த, அவர்கள் 12 மில்லியன் சொச்சம் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெங்கர் எப்போது வாய் திறந்தாலும் தவறவிட்ட இன்னொரு பெயர் வரும். கழகத்தில் ஆடியவர்களை விட ஆடாதவர்களின் பட்டியல் பெரிது என்று கடைக்கார அண்ணன் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஆனால் ரொனால்டோ விஷயத்தில் எங்கள் ஆட்கள் அழுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் யுனைட்டடுக்குப் போன 2003-04 சீசன் எது? ஆர்சனல் 38 மெச்சில் 26 வெற்றி, 12 சமநிலை, ஒரு தோல்வி இல்லை. அந்த வருடம் அவர் வந்திருந்தால் எங்கே ஆடியிருப்பார்? பிரேஸை உட்கார வைப்பீர்களா, லுங்பேர்கை உட்கார வைப்பீர்களா? இதற்கு இன்றுவரை சலூனில் பதில் இல்லை. 2009 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் அவர் எமிரேட்ஸுக்கு வந்து தொலைவிலிருந்து ஃப்ரீகிக் ஒன்றை உள்ளே செருகியபோது வயிறு எரிந்தது உண்மை. அது வேறு கணக்கு.

எனக்குத் தாங்காதது 2006 மே 17. பாரிஸில் பார்சிலோனாவோடு சாம்பியன்ஸ் லீக் இறுதி, நமக்கு இரவு 12.15. அந்த ஏப்ரலில்தான் நாட்டின் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்கு மாற்றியிருந்தார்கள். பழைய நேரத்தில் வைத்திருந்த வீடுகளில் எத்தனை மணிக்கு என்ற சண்டை வேறு. 18ஆவது நிமிடத்தில் கோல் காப்பாளர் லேமனுக்குச் சிவப்பு அட்டை. பதில் காப்பாளரை இறக்க பிரேஸை வெளியே எடுத்தார்கள். பத்துப் பேரோடு கெம்பெல் தலையால் முட்டி முன்னுக்கு வந்து, கடைசியில் பார்சிலோனாவின் எட்டோவும் பெலெட்டியும் அடித்து 2-1 என்று தோற்றோம். பிரேஸ் அதற்குப் பிறகு ஆர்சனலுக்கு ஆடவே இல்லை. வராதவனைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள், இருந்தவனை வெளியே எடுத்த அந்த நிமிடத்தைப் பேச ஆரம்பித்தால் மாமா எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்.

ஏன் இத்தனை பேரைத் தவறவிட்டார்கள் என்றால், பொடியன்கள் ராசி என்பார்கள். அது முக்கால்வாசி சல்லி. 38,000 பேர் கொள்ளும் ஹைபரியை விட்டு 60,000 பேர் கொள்ளும் எமிரேட்ஸை 390 மில்லியன் பவுண் செலவில் கட்டினார்கள், 2006இல் திறந்தார்கள். கடன் அடைபடும்வரை விற்றுத்தான் வாங்கவேண்டும். 2005இல் எடுத்த எஃப்.ஏ. கிண்ணத்துக்குப் பிறகு அடுத்தது 2014இல்தான். அந்த ஒன்பது வருடத்தையும் முழுதாகப் பாவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ரசிகனை விட்டு இது தானாகக் கழன்று போகாது.

லிவர்பூலில் இருந்த சுவாரெஸின் கதையில்தான் மாமா ஆளே மாறிவிடுவார். 2013இல் அவருடைய ஒப்பந்தத்தில் 40 மில்லியனுக்கு மேல் விலை வந்தால் என்னவோ ஆகும் என்று ஒரு வரி இருப்பதாகத் தெரிந்து, ஆர்சனல் 40 மில்லியனும் ஒரு பவுணும் எழுதி அனுப்பியது. லிவர்பூல் முதலாளி, எமிரேட்ஸில் என்ன புகைக்கிறார்கள் என்று டுவிட்டரில் கேட்டார். விற்கவில்லை. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வருடக்கணக்கில் கேட்டு 2021இல்தான் கண்ணால் கண்ட ஊர் இது. கூட்டு ஒப்பந்தத்தை வரிவரியாகப் பார்த்துப் பழகிய மாமாவுக்கு அந்த ஒரு பவுண் பெரிய அவமானம்.

"கையெழுத்து போட்ட தாளைக் கண்ணால பாக்காம, யாரோ சொன்னான்னு ஒரு பவுண் கூட்டிக்கிட்டுப் போனா என்னாடா ஆகும்? தோட்டத்துல இப்படிப் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தா தொரை எங்களைக் கேட்டுலயே திருப்பி அனுப்பியிருப்பாரு."

அடுத்த சீசனில் சுவாரெஸ் லீக்கில் 31 கோல் அடித்தார். நாங்கள் அந்தச் சல்லியில் ஓசிலை வாங்கினோம், 42.5 மில்லியன். ஓசில் நல்ல வரவு என்பது என் கட்சி. கடைக்கார அண்ணன் சிரிப்பார்.

இந்தப் பட்டியலில் உண்மையிலேயே மன்னிக்க முடியாதது ஒன்று உண்டு, அதைப் பலர் பேசுவதில்லை. 2015 கோடையில் ஆர்சனல் கோல் காப்பாளர் செக்கை மட்டும் வாங்கியது. களத்தில் ஓடி ஆடும் ஆள் ஒருவர்கூட இல்லை. அதே கோடையில் லெஸ்டர் காண்டேயைப் பிரான்சிலிருந்து ஆறு மில்லியனுக்கும் குறைவாகக் கொண்டுவந்தது. அந்த சீசனில் லெஸ்டர் தோற்றது மூன்றே மூன்று மெச், அதில் இரண்டு எங்களிடம். 81 புள்ளியோடு சாம்பியன் அவர்கள், 71 புள்ளியோடு இரண்டாமிடம் நாங்கள். யுனைட்டடும் செல்சியும் சிட்டியும் சறுக்கிக் கிடந்த வருடம் அது, கதவு திறந்தே இருந்தது. ரொனால்டோ கனவு, காண்டே கையில் இருந்த காசுக்கே கிடைத்திருக்கக்கூடியவர். மறு வருடம் அதே லெஸ்டரின் வார்டியைக் கேட்டுப் போனபோது அவரும் வரமாட்டேன் என்றுவிட்டார்.

நேர்மாறாகவும் நடக்கும். 2023 ஜனவரி 15, தைப்பொங்கல். பல நாளாக வருகிறார் வருகிறார் என்று பொடியன்கள் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்த முத்ரிக் என்ற ஆட்டக்காரரை செல்சி தட்டிக்கொண்டு போய் மைதானத்தில் நிறுத்திக் காட்டியது. வாசலில் கோலம்கூட அழியவில்லை, வீட்டில் எழவு விழுந்த மாதிரி முகம் பொடியன்களுக்கு. அன்றிரவு 10 மணிக்கு டொட்டன்ஹாமை அவர்கள் மைதானத்திலேயே 2-0. சில நாளில் பிரைட்டனிலிருந்து ட்ரொசார்ட் வந்தார், முத்ரிக் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு முக்கியமான மெச்சுகளில் எத்தனை தரம் காப்பாற்றினார் என்பதை ஆர்சனல்காரனைக் கேளுங்கள். அதனால் யாரோ வரவில்லை என்றதும் அழாதீர்கள், ஒரு வருடம் பொறுங்கள்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு: 2022-23, 2023-24, 2024-25 மூன்று சீசனிலும் இரண்டாமிடம். இருதயத்தில் கோளாறு உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பாவனைச் செலவு குறைவு, தூக்கச் செலவு அதிகம். தனியாகப் பாவிக்காதீர்கள். நாலு கழகத்துக்காரன் உட்காரும் ஒரு கடை கிட்டத்தில் இருந்தால்தான் இது முழுதாக வேலை செய்யும்.

அண்மைக்கால மாற்றம் என்றால், நாங்களும் இப்போது மற்றவர்களுடைய பட்டியலுக்கு ஆள் கொடுக்கிறோம். 2025 ஓகஸ்டில் எஸே டொட்டன்ஹாமுக்கு என்று பேச்செல்லாம் முடிந்தது என்றிருந்த நேரத்தில் ஆர்சனல் குறுக்கே போய்க் கூட்டி வந்தது. நவம்பரில் அதே டொட்டன்ஹாமுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார், 4-1. டொட்டன்ஹாம் தம்பி அடுத்த முறை முடி வெட்ட டிக்கோயாவுக்குப் போனதாகக் கேள்வி.