உஷார்: வெள்ளரிக் குடிலுக்கு ஃபுல் செட் என்று விற்கிறார்கள், 1,85,000 ரூபாய் போச்சு

மண்ணில்லா வெள்ளரிக்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பை, செடிக்குச் செடி தண்ணீர் விடும் சொட்டு, டைமர், உரத் தொட்டி எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று சொன்ன ஒரு கடைக்கு 1,85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தாச்சு. பெயர் எழுதவில்லை. முகநூலில் வீடியோ போட்டு, வாட்ஸ்அப்பில் பேரம் பேசி, முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு சரக்கை லாரி ஷெட்டில் இறக்கிவிட்டுப் போகிற வகைக் கடை. இடம் வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம், 500 சதுர மீட்டர் பசுமைக்குடில், 1,000 செடி. நட்டுப் பன்னிரண்டே நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. கத்திரி வெயில் தொடங்கக்கூட இல்லை. எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

நம்பவைத்தது ஒரு வீடியோ கால். ஒரு பையைக் கிழித்து, ஒரு பிடி நாரை எடுத்து, பக்கெட் தண்ணீரில் போட்டுக் கலக்கி, பேனா மீட்டரை விட்டுக் காட்டினார் கடைக்காரர். இ.சி. (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் அளவு) 0.4. "மூணு வாட்டி கழுவி, கால்சியம் போட்டு பஃபர் பண்ண சரக்குணா, கண்ணை மூடிட்டு நடுங்க." பஃபர் என்றால் நாரில் ஒட்டியிருக்கிற உப்பைக் கால்சியம் கொடுத்து வெளியேற்றுவது. அந்த 0.4 பக்கெட் தண்ணீரின் அளவு! பைக்குள் வேர் குடிக்கப்போகிற தண்ணீரின் அளவே அல்ல. ஒரு பிடி நாரை ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டால் எவ்வளவு உப்பு இருந்தாலும் கரைந்து காணாமல் போகும். பையை நனைத்து, ஊறவிட்டு, கையால் இறுக்கிப் பிழிந்து, சொட்டுகிற சாற்றில்தான் மீட்டரை வைக்க வேண்டும். அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அன்று சாயந்திரமே பணம் போய்விட்டது.

செடி கருகிய பிறகு, பிரிக்காத ஒரு பையை எடுத்து கேன் தண்ணீர் ஊற்றிப் பிழிந்து பார்த்தோம். 4.1. வெள்ளரிக்கு நாம் கொடுக்கும் உரத் தண்ணீரே 2 முதல் 2.5-க்குள்தான் இருக்க வேண்டும். கழுவாத நாரில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் ஊற்றுகிற கால்சியத்தை நார் பிடித்து வைத்துக்கொண்டு, இந்த இரண்டையும் வேருக்குத் தள்ளிவிடும். கொழுந்து இலை குடை மாதிரிக் கவிழ்ந்து ஓரம் கருகினால் அது கால்சியம் கிடைக்காததன் அறிகுறி. இங்கே வரிசை வரிசையாக அப்படித்தான் ஆனது.

சொட்டு அதைவிட மோசம். அழுத்தம் ஈடுசெய்யும் ரகம் (வரிசை முழுக்க ஒரே அளவு சொட்டும்), மணிக்கு 2 லிட்டர், பம்பு நின்றாலும் குழாயில் தண்ணீர் அப்படியே நிற்கும் என்று எழுதியே அனுப்பினார். 2 லிட்டர் சொட்டு என்றால் ஆறு நிமிடத்தில் 200 மில்லி வர வேண்டும். டம்ளர் வைத்துப் பிடித்தால், வரிசையின் முதல் செடியில் 310, கடைசிச் செடியில் 90. ஒன்றைப் பிளேடால் பிளந்து பார்த்தோம்; உள்ளே இருக்க வேண்டிய சிலிக்கோன் ரப்பர் வில்லையே இல்லை, வெறும் பிளாஸ்டிக். மண்ணில் போடுகிற சொட்டுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது, மண் தாங்கிக்கொள்ளும். பையில் அப்படியில்லை. ஒரு தடவைக்கு மூன்று நிமிடம் ஓடவிட்டு 100 மில்லி கொடுப்பதுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் குழாய் காலியாகிவிட்டால், அந்த மூன்று நிமிடத்தில் பாதி நேரம் குழாய் நிரம்பவே போய்விடும். காலியாகிற தண்ணீரோ பள்ளத்துப் பக்கப் பைகளில் போய் இறங்கும். தொட்டி இருக்கிற பள்ளத்துப் பக்கம் வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு நூல் மட்டும் கையில் வந்தது. மேட்டுப் பக்கம் காய்ந்து கிடந்தது.

டைமரைப் பற்றி என்ன சொல்ல? முள் குத்தித் திருப்புகிற ரகம், பதினைந்து நிமிடத்துக்குக் குறைத்து வைக்கவே முடியாது. ஒரு தடவை ஓடினால் அரை லிட்டர். சின்ன நாற்றுக்கு அரை லிட்டர்! உரத் தொட்டியும் ஒன்றே ஒன்று. கால்சியம் நைட்ரேட்டையும் சல்பேட், பாஸ்பேட் உரங்களையும் அடர்கரைசலாக ஒரே தொட்டியில் கலந்தால் வெள்ளையாகப் படிந்து சொட்டை அடைக்கும் என்பது தொழிலில் இருக்கிற யாருக்கும் தெரியும். விற்றவருக்குத் தெரியாதா?

போன் பண்ணினால் முதல் பதில்: "உங்க தண்ணி சரியில்லணா, பாலாத்துப் பக்கம் தோல் கம்பெனி தண்ணி." போர் தண்ணீர் 0.8, மீட்டர் படத்தோடு அனுப்பினோம். அடுத்து, "வேலூர் வெயில்ணா, யாரு போட்டாலும் இப்படித்தான்." வெயில் என்றால் ஒரே வரிசையில் ஒரு முனை காய்ந்து மறு முனை ஏன் அழுகும்? அப்புறம் இன்ஜினியர் வருவார் என்றார். திங்கள், வியாழன், அடுத்த திங்கள். யாரும் வரவில்லை. கடைசியாக, "48 மணி நேரத்துக்குள்ள சொல்லியிருக்கணும்ணா." இப்போது ஒரு டிக்தான் விழுகிறது. 1,85,000 ரூபாய்க்கு ஒரு டிக். ஜி.எஸ்.டி. பில்லும் தரவில்லை, கையால் எழுதிய எஸ்டிமேட் மட்டும். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம்.

விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: பில் இல்லாமல் பணம் போடாதீர்கள். முதலில் பத்துப் பையும் பத்துச் சொட்டும் மட்டும் வாங்கி, சாறு பிழிந்து, டம்ளர் வைத்து அளந்துவிட்டு மீதியைக் கேளுங்கள். சொட்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். டைமர் நிமிடக் கணக்கில் ஓட வேண்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பைகளைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்த சாறு 1-க்குக் கீழே வரும் வரை நடாதீர்கள்.

பிரிக்காத பை இன்னும் இருபது இருக்கிறது. சாட்சிக்கு அப்படியே வைத்திருக்கிறோம்.