சந்தி வங்கியோடு 11 வருடம்

வவுனிக்குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல், சந்தியில் ஒரு சின்னக் கடை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு 2014இலிருந்து ஒரு சின்ன வங்கியின் கிளையோடு மாரடிக்கிறேன். எந்த வங்கி என்று எழுத மாட்டேன். குறையும் சொல்லப்போகிறேன், அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் என் கடையில்தான் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

கிளிநொச்சி ரவுணுக்குள் போய் நின்று பாருங்கள். இலங்கை வங்கி, மக்கள் வங்கி, ஹற்றன் நஷனல், கொமர்ஷல், சம்பத், இடையிடையே லீசிங் கொம்பனிகள். எல்லாருக்கும் யாழ்ப்பாணம் போகிற ஏ9 பெருந்தெருவில் தெரிய ஒரு போட் வேணும். வன்னியில் வங்கிப் போட்டி என்று யாராவது எழுதினால் அந்தத் தெருவைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். மாங்குளத்தில் மேற்கே திரும்பி மல்லாவிப் பக்கம் உள்ளே வரவர அந்தச் சத்தம் அடங்கிவிடும். அதையும் தாண்டி எங்கள் சந்திக்கு வந்தால் இருப்பது இந்த ஒரு கிளைதான்.

கடதாசியில் நாங்கள் முல்லைத்தீவு மாவட்டம். ஆனால் முல்லைத்தீவுக்குப் போக முதலில் ஏ9க்கு ஏறி, பிறகு ஏ34இல் ஒட்டுசுட்டான் தாண்டிக் கிழக்குக் கரைவரை போகவேணும். காசு அலுவலுக்கு யார் அந்தத் தூரம் போவது? கிளிநொச்சி, இல்லாவிட்டால் வவுனியா. ஆகவே இந்தக் கிளையின் எல்லையைப் பிரதேச செயலக வரைபடத்தில் தேடக் கூடாது, பஸ்ஸில் தேடவேணும். காலை பஸ்ஸில் வந்து மத்தியான பஸ்ஸில் திரும்பக்கூடிய ஊர்கள் எல்லாம் அதன் ஊர்கள்.

சின்ன வங்கி என்ற எண்ணமே எங்களுக்குச் சுற்றித்தான் வந்தது. தெற்கில் 1985இலிருந்து அரசாங்கம் மாவட்டம் மாவட்டமாகக் கிராமிய அபிவிருத்தி வங்கிகளைத் திறந்தது. ருகுணு, ரஜரட்ட, வயம்ப, ஊவா, கந்துரட்ட, சப்ரகமுவ என்று ஆறாக நின்ற அவற்றை ஒன்றாக்கி 2010இல் பிரதேச அபிவிருத்தி வங்கி ஆக்கினார்கள். அந்த ஆறு பெயரிலும் வடக்கும் இல்லை, கிழக்கும் இல்லை. எங்களிடம் இருந்தது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கி, சிக்கன கடனுதவிச் சங்கம், 1994இலிருந்து புலிகளின் தமிழீழ வைப்பகம். போரோடு போய்விட்ட அந்த வைப்பகத்தில் ஈடு வைத்த நகையின் துண்டை இன்னும் பெட்டிக்குள் வைத்திருக்கிற அம்மாமாரை எனக்குத் தெரியும். அதனால் இங்கே புதிதாக யார் போட் மாட்டினாலும் சனம் முதலில் கேட்பது வட்டி வீதத்தை அல்ல. "வைச்சா திரும்பக் கிடைக்குமோ?"

நியாயமான கேள்வி. உரிமம் பெற்ற வங்கியோ நிதிக் கொம்பனியோ விழுந்தால் வைப்புக் காப்புறுதியில் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரைக்கும் கிடைக்கும். கூட்டுறவுக் கிராமிய வங்கியும் அரச நிவாரணத் திட்டத்தின் சமுர்த்தி வங்கியும் அந்தக் குடைக்குள் இல்லை. இதை எந்த வங்கியிலும் யாரும் தானாக எனக்குச் சொல்லவில்லை, நானாகக் கேட்டுத்தான் அறிந்தேன்.

இனி அடகு. கடன் விளம்பரம் எத்தனை ஒட்டினாலும் கிளையின் உயிர் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. புரட்டாதி கடைசியில் சனம் வரத் தொடங்கும். உழவுக் கூலி, விதைநெல், பசளை. உத்தியோகத்தர் சங்கிலியை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஒரு துளி விட்டு, தராசில் போடுவார். போன வருடம் என் மனைவியின் சங்கிலியைப் போடும்போது தராசைப் பார்க்காமலே நிறையைச் சொன்னார். "இது எங்கட சங்கிலிதானே அக்கா, ஒவ்வொரு ஐப்பசியும் வருது." மனைவி சிரித்தாள். வெளியே வந்து பஸ் வரும்வரை ஒரு சொல் பேசவில்லை. மாசியில் நெல் விற்று மீட்போம். இடையில் தையில் கலியாணம் வந்தால் தங்கச்சியின் சங்கிலியைக் கேட்டுப் போடவேண்டியதுதான்.

ஏன் அடகு? காணியை வைத்துக் கடன் எடுக்க முடியாது. எங்கள் பக்கம் பாதிக் காணி பெர்மிட் காணி, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தது. உறுதிப் பத்திரம் இல்லை. பெரிய வங்கி ஒன்றில் கடன் கேட்டேன். இரண்டு அரசாங்க உத்தியோகத்தர் பிணை வேணும் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் எல்லாம் ஏற்கெனவே யாருக்கோ கையெழுத்து வைத்துவிட்டார்கள். "ஃபைல் கொழும்புக்குப் போயிருக்கு" என்ற பதிலை நாலு மாதம் கேட்டேன். அதற்குள் நெல் குடலைக்கு வந்துவிட்டது.

சந்தி வங்கியின் அப்போதைய மனேச்சர் மோட்டார் சைக்கிளில் வயலுக்கே வந்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரம்பில் நடந்து பார்த்தார். பக்கத்து வயல்காரனிடம் என்னைப் பற்றி விசாரித்தார், எனக்குக் கேட்கிற மாதிரியே. ஒன்பதாம் நாள் கடன் கிடைத்தது. வட்டி பெரிய வங்கியை விட ஒன்றரை வீதம் கூட. காசு விதைப்புக்கு முன்னால் வந்தால் அந்த ஒன்றரை வீதம் ஒரு கணக்கே இல்லை.

அந்த மனேச்சர் மாற்றலாகிப் போனதும் அந்தச் சுகமும் போய்விட்டது. அடுத்து வந்தவருக்கு இலக்குத்தான் முக்கியம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, அந்தக் காலபோகம் விளைச்சல் விழுந்தபோது தவணை பிந்தியவர்களில் நானும் ஒருவன். 2022 சித்திரையில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே அடியில் 7 வீதப் புள்ளி கூட்டியது. எனக்கு வந்த மறுசீரமைப்புக் கடிதத்தில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. கடையில் சாமான் இறக்க வந்த லொறிக்காரத் தம்பிதான் வாசித்துச் சொன்னார்.

உண்மையான போட்டி ஏ9இலிருந்து வரவில்லை, படலைக்கு வந்தது. கிழமைக்கு ஒரு நாள் நுண்கடன்காரர் மரத்துக்குக் கீழே பெண்களைக் கூட்டி இருத்துவார். பிணை ஆளுக்கு ஆள். உறுதி வேண்டாம், பஸ் வேண்டாம். வங்கி கேட்கிற எதையும் அவர்கள் கேட்கவில்லை, அதற்கான விலை வட்டியில் இருந்தது. 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்து, வட்டிக்கு 35 வீதம் என்று உச்சம் வைக்கவேண்டி வந்தது. 35 வீதம் என்பது குறைத்த பிறகு! இன்றைக்கும் எங்கள் சந்தி வங்கிக்கு ஒரு பெண் கடனுக்குப் போனால், பழைய கடன்களைக் காட்டுகிற கிறிப் அறிக்கையில் அந்தக் காலத்துக் கடன் முதலில் எட்டிப் பார்க்கும்.

சமுர்த்தி நிவாரணத்துக்குப் பதிலாக அஸ்வெசும கொடுப்பனவு வந்த 2023இல் இன்னொரு மாற்றம். சமுர்த்திக் காலத்தில் சமுர்த்தி வங்கியைச் சுற்றியே ஓடிய கொடுப்பனவு, அரச வங்கிக் கணக்குகளுக்கு மாறியது. கணக்கு எங்கேயோ, சனமும் அங்கே. அன்றைக்கு ரவுணுக்குப் போகிறவர் சாமானையும் அங்கேயே வாங்கி வருகிறார். என் கடைக்கும் அதனால் அடிதான்.

நான் இப்போது இரண்டு இடத்தில் கணக்கு வைத்திருக்கிறேன். நெல் ஆலைக்காரர் தருவது காசோலை, அதற்குக் கிளிநொச்சியில் ஒரு பெரிய வங்கி. அடகும் சின்னச் சேமிப்பும் சந்தியில். வயல் மட்டும் செய்கிறவருக்குச் சந்தி வங்கி காணும். கடை, ஆலை, ஒப்பந்த வேலை என்று போகிறவருக்குக் காணாது.

போன கிழமை ஒரு கதை கேள்விப்பட்டேன். கிளையின் கட்டட ஒப்பந்தம் முடிகிறதாம், ஏ9 கரைக்குக் கொண்டு போகப் பார்க்கிறார்களாம். காசாளர் பிள்ளை தேத்தண்ணிக்கு வந்தபோது கேட்டேன். "எங்களுக்கும் கதைதான் ஐயா வந்தது" என்று சொல்லிவிட்டு, கணக்கில் எழுதாமல் கையோடு காசைத் தந்துவிட்டுப் போனார்.