கிளையன்ட்–சர்வர் பாடத்துக்குத் துணையாக வயர்ஷார்க்

பல்கலைக்கழகத்தில் கிளையன்ட்–சர்வர் (சேவையைக் கேட்கும் நிரலும் அதைத் தரும் நிரலும்) அடிப்படைகளைப் பயில்வோர் முதலில் காண்பது, இரண்டு பெட்டிகளும் அவற்றுக்கிடையே ஓர் அம்புக்குறியும் கொண்ட படத்தைத்தான். அந்த அம்புக்குறிக்குள் உண்மையில் என்ன ஓடுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டும் மென்பொருள் வயர்ஷார்க். 1998இல் ஈத்தீரியல் என்ற பெயரில் வெளிவந்து, 2006இல் இப்போதைய பெயரைப் பெற்ற இந்தக் கட்டற்ற மென்பொருளைக் கட்டணமின்றிப் பெறலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது.

மாணவர் தாமே எழுதிய சிறிய சாக்கெட் நிரலுடன் (வலையமைப்பு வழியே இன்னொரு நிரலுடன் பேசும் நிரல்) சேர்த்துப் பயன்படுத்தும்போதுதான் இதன் அருமை விளங்கும். ஒரே கணினியில் சர்வரையும் கிளையன்டையும் இயக்கி, லூப்பேக் இடைமுகத்தில் (கணினி தன்னோடு தானே பேசும் வழி) போக்குவரத்தைப் பதிவுசெய்யத் தொடங்கினால், இணைப்பைக் கோரிக் கிளையன்ட் அனுப்பும் சின், அதை ஏற்றுச் சர்வர் திருப்பும் சின்-ஆக், மீண்டும் அதை உறுதிசெய்யும் கிளையன்டின் ஆக் ஆகிய மூன்று பாக்கெட்டுகளும் (வலையமைப்பில் செல்லும் தரவுத் துண்டுகள்), நம் செய்தியில் ஒரு பைட்கூடப் புறப்படுவதற்கு முன்பே பரிமாறப்படுவதைக் காணலாம். சர்வர் நிரல் இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் லிசன் நிலையை எட்டிவிட்டால் போதும், வந்த இணைப்பைக் கையிலெடுக்கும் அக்செப்ட் கட்டளையை அது இன்னும் அழைக்காவிட்டாலும் இயங்குதளமே இந்தப் பரிமாற்றத்தை முடித்துவிடும் என்பது பலருக்கு வியப்பளிக்கும். சர்வரைத் தொடங்காமல் கிளையன்டை மட்டும் இயக்கினாலோ, உடனடியாக இணைப்பை மறுக்கும் ஆர்எஸ்டி பாக்கெட் திரும்பி வருகிறது. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று திரையில் தோன்றும் பிழைச்செய்தியின் பிறப்பிடம் அதுவே.

என் கணிப்பில், இந்தக் கருவி கற்றுத்தரும் மிகப் பெரிய பாடம் வேறொன்று. ஒருமுறை அனுப்பியதை மறுமுனை ஒரே முறையில் பெற்றுவிடும் என்று புதியவர்கள் நம்புகிறார்கள். ஆனால் அடுத்தடுத்து அனுப்பிய இரண்டு செய்திகள் ஒரே பாக்கெட்டில் ஒட்டிக்கொண்டு வருவதையும், நீண்ட செய்தி பல பாக்கெட்டுகளாகப் பிரிந்து வருவதையும் இங்கே பார்த்தபின், இந்த இணைப்பைச் சுமக்கும் நெறிமுறையான டிசிபிக்குச் செய்தியின் எல்லை தெரியாது, பைட்டுகளின் வரிசை மட்டுமே தெரியும் என்பது மனத்தில் பதிந்துவிடும். வலைப்பக்கங்களைப் பரிமாறும் நெறிமுறையான எச்டிடிபியில், உள்ளடக்கத்தின் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் என்ற தலைப்பு வரி எதற்காக என்பதும் அப்போது தானாகவே புரியும்.

குறைகளும் உண்டு. வடிகட்டி இல்லாமல் திறந்தால் கணினியின் பிற போக்குவரத்து முழுவதும் திரையில் குவிந்துவிடும். பதிவின்போது இடும் வடிகட்டிக்கும் பார்க்கும்போது இடும் வடிகட்டிக்கும் எழுதும் முறை வெவ்வேறாக இருப்பது தேவையற்ற தலைவலி. டிஎல்எஸ் என்ற குறியாக்க நெறிமுறை வழியாகச் செல்லும் உள்ளடக்கத்தை, அமர்வுச் சாவிகளைத் தராதவரை படிக்க முடியாது. ஆகவே பயிற்சிக்குக் குறியாக்கம் இல்லாத எச்டிடிபியே ஏற்றது. அனுமதியின்றிப் பிறருடைய வலையமைப்பில் இதை இயக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

வந்த செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும் எளிய எதிரொலிச் சர்வர் ஒன்றை எழுதி முடித்தவர்கள் தயங்காமல் இதை நிறுவலாம்; அதற்கு முன் திறந்தால் குழப்பமே மிஞ்சும். ஒரே நேரத்தில் பல கிளையன்டுகள் வரும்போது சர்வரின் திரெட்டுகள் (ஒரே நிரலுக்குள் இணையாக இயங்கும் பணிகள்) எப்படி நடந்துகொள்கின்றன என்பதை மட்டும் இது காட்டாது. அதற்குச் சர்வரின் பதிவுக்கோப்புகளையும் நிரலின் பிழைகளைத் தேட உதவும் டீபக்கரையும்தான் நாட வேண்டும்.