ஊஞ்சல் பலகையையும் 1,40,000 ரூபாயையும் கொடுத்துவிட்டு 27 மாதம் காத்திருந்தேன்

பேஸ் கிட்டார் சொல்லிச் செய்ய நினைக்கிறவர்களும், ஏற்கெனவே அட்வான்ஸ் கட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்களும் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். செய்தவர் யார் என்று இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது, பெயர் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டின் மேற்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பட்டறை வைத்திருப்பவர் என்பது மட்டும் போதும்.

நான் சென்னையில் 16 வருடமாக பேஸ் வாசிக்கிறேன். ஞாயிறு காலை சர்ச், முகூர்த்த நாட்களில் ரிசப்ஷன் கச்சேரி, எப்போதாவது ஸ்டுடியோ. கச்சேரி என்றால் நாலு மணி நேரம் நின்றே வாசிக்க வேண்டும். என் பழைய பேஸ் நாலரைக் கிலோ. இடது தோள் போய்விட்டது. அதோடு இப்போது வாசிக்கிற பாட்டுகளில் பாதிக்கு நாலு ஸ்ட்ரிங் போதவில்லை. நாலு ஸ்ட்ரிங்கில் கடைசி ஸ்வரம் ஈ, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது ஸ்ட்ரிங் இருந்தால் பி வரைக்கும், 31 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கலாம். அந்த பி தொளதொள என்று ஆடாமல் இறுக்கமாக நிற்க வேண்டும் என்பதற்காக 35 அங்குல ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம், கேட்டேன். 1951-ல் ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸிலிருந்து 34 அங்குலம்தான் வழக்கம். 34-லேயே நல்ல பி கொடுக்கும் பேஸ்களும் இருக்கின்றன. ஆனால் நான் வாசித்துப் பார்த்து, யோசித்து, கேட்டது 35. எடை 3.8 கிலோவுக்குள். உடல் மகோகனி, உள்ளே குடைந்து இலேசாக்கியது. விரல் அழுத்தும் ஃபிங்கர்போர்டு ஈட்டி. முகப்புக்கு என் பலகை.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டை இடித்தபோது நான் கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் கூடத்து ஊஞ்சல் பலகை. பழைய தேக்கு. நாங்கள் பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் அதில் படுத்துத் தூங்கியவர்கள். அதை நடுவில் அறுத்து, புத்தகம் விரித்தாற்போல இரண்டு பாதியையும் ஒட்டி, ஆறு மில்லிமீட்டர் கனத்தில் முகப்பாக வைக்கலாம் என்று பட்டறைக்காரர்தான் சொன்னார். "தாத்தா உங்க கைலயே இருப்பாருங்ணா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

2022 ஆகஸ்டில் நேரில் போய்ப் பலகையைக் கொடுத்து 50,000 ரூபாய் கட்டினேன். மொத்தம் 1,40,000 என்றும், ஆறு மாதத்தில் கையில் தருவதாகவும் பேச்சு. எழுத்தில் இருந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டும். அளவு, மரம், எடை எல்லாம் அதில் இருந்தது. தேதி இல்லை. நான் கேட்கவில்லை.

ஐந்தாவது மாதம் ஒரு படம் வந்தது. என் பலகை அறுத்து ஒட்டி, உடல் வடிவத்தில் வெட்டி நின்றது. ஊஞ்சல் சங்கிலி மாட்டிய துளையைச் சுற்றி இரும்புக் கறை கறுப்பாகப் படிந்திருக்கும். அந்தக் கறை படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவிடம் காட்டினேன். அழுதுவிட்டார். அன்றைக்கே 30,000 அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது காத்திருப்பு. மழை, பாலிஷ் காயவில்லை. ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் அமெரிக்காவிலிருந்து வருகிறது, கஸ்டம்ஸில் நிற்கிறது, 22,000 அனுப்பினால் எடுத்துவிடலாம். அனுப்பினேன். ஆசாரி ஊருக்குப் போய்விட்டார். பட்டறைக்காரருடைய அப்பா ஆஸ்பத்திரியில். இதை நான் சந்தேகப்படவில்லை, இப்போதும் சந்தேகப்படவில்லை. அதைக் கேட்டபின் நாலு மாதம் நான் போனே செய்யவில்லை. ஐந்தாவது மாதம் தயங்கித் தயங்கிக் கேட்டபோது வந்த பதில், "இன்னும் ரெண்டே வாரங்ணா, செட்டப் மட்டும்தான் பாக்கி." அந்த இரண்டு வாரம் பதினொரு மாதம் ஓடியது.

இதில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். கையால் செய்கிற வாத்தியத்துக்குக் காத்திருப்பது தப்பே இல்லை. காற்றில் உலர்த்தும் மரத்துக்கு ஒரு அங்குல கனத்துக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்பது பட்டறைகளின் பொதுக் கணக்கு. நெக்கை, அதாவது வாத்தியத்தின் நீண்ட கழுத்தை, முரட்டளவில் அறுத்தபின் சில வாரம் சும்மா வைத்து, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுவார்கள். லேக்கர் பூச்சு அடித்தால் இறுகுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். நல்ல பெயர் எடுத்தவர்களிடம் ஒரு வருடம், இரண்டு வருடம் வரிசை இருப்பது சகஜம். ஆனால் அந்தத் தாமதம் ஒவ்வொன்றுக்கும் காட்டுவதற்கு ஒரு பொருள் இருக்கும். நெக் ஓய்வில் இருக்கிறது என்றால் அந்த நெக் எங்கேயாவது இருந்தாக வேண்டும் அல்லவா? வீடியோ காலில் அதைத் தூக்கிக் காட்ட அரை நிமிடம் ஆகாது. என்னிடம் வந்த காரணங்கள் எல்லாம் ஆட்களைப் பற்றியும் வானிலையைப் பற்றியும்தான் இருந்தன. பொருளைப் பற்றி ஒன்றும் இல்லை. இது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆனது.

படங்கள் மட்டும் நடுநடுவே வந்துகொண்டிருந்தன. நான் செய்த பெரிய தப்பு, அவற்றை வரிசையாக வைத்துப் பார்க்காதது. மரத்தின் ரேகை கைரேகை மாதிரி, ஒரு துண்டில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. ஐந்தாவது மாதப் படத்தையும் பதினாலாவது மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் சின்னக் குழந்தைகூட வேறு மரம் என்று சொல்லிவிடும். பதினாலாவது மாதப் படத்தில் கறை இல்லை. "பாலிஷுக்கு முன்னாடி தேச்சு எடுத்துட்டோம்ங்ணா" என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அந்தக் கேள்வியே எனக்குத் தோன்றவில்லை. பளபளப்பைப் பார்த்து சந்தோஷப்பட்டேன்.

2024 நவம்பரில், மீதி 38,000-ஐயும் அனுப்பியபின், லாரி பார்சலில் வந்தது. பெட்டியைத் தூக்கும்போதே கை சொல்லிவிட்டது. வீட்டுத் தராசில் 4.9 கிலோ.

சென்னையில் வாத்தியங்கள் சரிசெய்யும் நண்பர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, முதலில் அளவு டேப்பை எடுத்தார். நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் நட்டிலிருந்து 12-வது ஃபிரெட் (குறுக்கே பதித்த கம்பி) வரை எவ்வளவு தூரமோ அதைப் போல இரண்டு மடங்குதான் ஸ்கேல். 35 அங்குலம் என்றால் பதினேழரை இருக்க வேண்டும். சரியாக 17 இருந்தது. எனக்காகச் செய்த நெக் இல்லை, எங்கோ கிடந்த 34 அங்குல ரெடிமேட் நெக். அதை வைத்துக்கொண்டு, உடல் பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜை வேறு தள்ளிப் பொருத்தியிருந்தார்கள். பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சேடிலை கடைசி வரை நகர்த்தியும் ஸ்வரம் சேரவில்லை. 12-வது ஃபிரெட்டில் எல்லா ஸ்ட்ரிங்கும் தணிந்தே பேசியது. நெக் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் சாவி போட்டால் சும்மா சுற்றியது, எங்கேயும் பிடிக்கவில்லை. ஃபிங்கர்போர்டை ஸ்பிரிட் தொட்ட வெள்ளைத் துணியால் ஓரத்தில் துடைத்தார். துணி காப்பி நிறமானது. ஈட்டி மரத்திலும் கொஞ்சம் நிறம் இறங்கும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் துடைத்த இடத்தில் அடியில் வெளுத்த மரம் தெரிந்தது. சாயம்.

கடைசியாக வால்யூம் குமிழைக் கழற்றி அடியில் இருந்த திருகு நட்டை எடுத்தார். அந்தத் துளையின் ஓரத்தில் உடலின் அடுக்கு அப்படியே தெரியும். மேலே ஆறு மில்லிமீட்டர் தேக்கு இருக்க வேண்டிய இடத்தில் காகிதம் மாதிரி ஒரு வெனீர். அதுவரை எனக்கு ஆத்திரம்தான் இருந்தது. அந்த இடத்தில் பேச்சு நின்றுவிட்டது.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். முதலில் பார்சலில் அடிபட்டிருக்கும் என்றார். அடிபட்டால் ஸ்கேல் ஒரு அங்குலம் உள்ளே போகுமா? அப்புறம் பலகை செல்லரித்துவிட்டது, உபயோகப்படவில்லை என்றார். சரி, செல்லரித்ததையே திருப்பிக் கொடுங்கள் என்றேன். வெட்டி எரித்துவிட்டதாகச் சொன்னார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸுக்கு வந்த பதில் இரண்டு வரி: ஆர்டரின் பேரில் செய்த பொருள், பணம் திரும்பத் தர இயலாது.

சட்டப் பக்கம் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதல் கட்டமாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். சிலர் அதற்கே இறங்கி வருவார்களாம். என் ஆள் வரவில்லை. "நீ காசு வாங்கி வாசிக்கிறவன், இது வியாபாரத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். பயப்படாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துவது வியாபார நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கச்சேரிக்காரர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் காலக்கெடு இரண்டு வருடம்தான். புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து கணக்கு. அது எந்த நாள் என்பதிலேயே எதிர்த்தரப்பு வாதாடும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். "இன்னும் ரெண்டு வாரம்" என்று ஒவ்வொரு முறை கேட்டுத் தலையாட்டியபோதும் என் பொறுமையோடு இந்த நாட்களும் கரைந்துகொண்டிருந்தன என்பது வக்கீல் சொல்லித்தான் தெரிந்தது. தேதி தாண்டிய அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் எழுத்தில்.

இனிமேல் ஒரு வாத்தியம் சொல்லிச் செய்தால் நான் பிரித்துத்தான் பணம் கொடுப்பேன், ஒவ்வொரு தவணையும் கண்ணால் பார்த்த பொருளுக்காக இருக்கும். நெக் தயாரானதும் டேப்பை வைத்து அளந்து காட்டச் சொல்வேன். முடிந்தால் பஸ் ஏறிப் போய்விடுவேன். எட்டு மணி நேரப் பயணத்துக்குச் சோம்பல்பட்டு 27 மாதம் இழந்திருக்கிறேன். கடைசித் தவணையை வாசித்துப் பார்க்காமல் கொடுக்கவே மாட்டேன். இதற்கெல்லாம் மனம் சுளிக்கிற கலைஞர் நல்லவராகவே இருக்கலாம், அவரிடம் என் பணம் போகாது. சொந்த மரம் கொடுக்கிறவர்கள் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து, அறுத்தால் தெரிகிற மாதிரி ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, "மீதித் துண்டு உட்பட எல்லாம் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். நான் ஒன்றுமே வாங்கவில்லை.

வந்த பேஸை வாசிப்பதில்லை. சாட்சிப் பொருள், பெட்டியோடு அலமாரியில் இருக்கிறது. சர்ச்சில் ஒரு தம்பி கொடுத்த பேஸை வைத்துச் சமாளிக்கிறேன். பணம் இன்றைக்கோ நாளைக்கோ ஆணையம் பார்த்துக்கொள்ளும்.

பலகையை எரித்துவிட்டதாகச் சொன்னதை நான் நம்பவில்லை. ஐந்தாவது மாதப் படத்தில் அது வெட்டி ஒட்டி முழுதாக நின்றது, செல்லரித்த ஒரு புள்ளி இல்லை. ஆகவே அது யாருடைய பேஸிலோ கிட்டாரிலோ இருக்கிறது. 2023-க்குப் பிறகு நீங்கள் வாங்கிய வாத்தியத்தில் பழைய தேக்கு முகப்பு இருந்தால், பிரிட்ஜுக்குக் கீழே வலது ஓரத்தில் பத்துப் பைசா அகலத்துக்கு மரத்தால் அடைத்த வட்டமும், அதைச் சுற்றிப் புகைபோல ஒரு கறையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு படம் அனுப்புங்கள். அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. அம்மாவிடம் காட்ட வேண்டும்.